பூஜை அலமாரிக்கு இன்னொரு காந்தம்

சிதம்பரத்தில் அலமாரிக் கதவு சாத்தாமல் வாயைப் பிளந்துகொண்டு நின்றால் வீட்டுப் பெண்கள் ஆசாரியைத் தேடுவதில்லை, சௌந்தரத்துக்குப் போன் போடுகிறார்கள். ஆசாரி இதோ வருகிறேன் என்பார், வர மாட்டார். அப்படியே வந்தாலும், படுக்கையறை வரைக்கும் ஓர் அன்னிய ஆளைக் கூட்டிப்போய்த் துணிமணி அடுக்கிய அலமாரியைத் திறந்து காட்ட எத்தனை பேருக்கு மனசு வரும்? சௌந்தரம் வந்தால் அந்தக் கூச்சம் இல்லை. ஐம்பதைத் தொடப்போகிற பொம்பளை. தோளில் ஒரு துணிப்பை, அதற்குள் ஸ்க்ரூ டிரைவர், ஒரு டப்பா நிறையக் காந்தமும் தகடும் ஸ்க்ரூவும். வந்ததும் ஒரு சொம்பு தண்ணீர் கேட்பாள். அதற்கப்புறம் கதவோடுதான் பேச்சு.

துணி அலமாரி, டிவி ஸ்டாண்டு, டிரஸ்ஸிங் டேபிள் எதுவானாலும் சங்கதி ஒன்றுதான். சட்டத்தில் ஒரு காந்தம், கதவில் ஓர் இரும்புத் தகடு. இரண்டும் தொட்டால் டக்கென்று ஒட்டிக்கொள்ளும். கடல்காற்று அடிக்கிற ஊர்களில் முதலில் தகடு துருப்பிடிக்கும். இல்லையென்றால் பலகை ஊறி ஸ்க்ரூ லொடலொடவென்று ஆடும். தீக்குச்சியில் பசை தடவி ஓட்டையில் சொருகி, அதன் மேல் ஸ்க்ரூவை முடுக்குவாள் சௌந்தரம். தகடு எந்த இடத்தில் உட்கார வேண்டும் என்று டேப் வைத்து அளக்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. காந்தத்தின் முகத்தில் கொஞ்சம் குங்குமத்தைக் குழைத்துத் தடவிக் கதவை ஒருமுறை அழுத்திச் சாத்துவாள். கதவின் உட்பக்கத்தில் பொட்டு விழும். பொட்டு விழுந்த இடத்தில் தகடு. கிள்ளையில் ஆசியா உம்மாள் வீட்டுக்குப் போனால் குங்குமத்துக்குப் பதில் முகப்பவுடர். வேலை முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்துவிட்டுத்தான் பையை மூடுவாள்.

இதை அவளுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. கடலூரில் ஒரு ஃபர்னிச்சர் கடையில் கூட்டித் துடைக்கப் போனவள். துடைக்கிறபோது பார்த்தால் புது அலமாரிகளிலேயே பாதிக் கதவு மூடவில்லை. முதலாளி திட்டுவதற்குள் தானே கழற்றிப் பார்த்தாள், தானே மாட்டினாள். புருஷன் உத்திராபதி மெஸ்ஸில் சமையல் மாஸ்டர். நல்ல மனுஷன். யார் எது செய்தாலும் "வுட்டுத் தள்ளு" என்பார். சௌந்தரத்துக்கு அந்த வரம் வாய்க்கவில்லை. அவள் எதையும் விட்டுத் தள்ளுகிற ரகம் இல்லை.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது என்பார்கள். சௌந்தரத்தின் வயிற்றெரிச்சல் ஊர் வாயைப் பற்றியது அல்ல, ஒரே ஒரு வாயைப் பற்றியது. அது கடலூர் புதுப்பாளையத்தில் அவர்கள் முன்பு குடியிருந்த வீட்டுக்கு எதிர்வீட்டு மாலதியின் வாய். அதை மூட வேண்டும் என்றுகூட அவள் ஆசைப்படவில்லை. அந்த வாயே திறந்து, "நான் சொன்னது பொய்" என்று தெருவறியச் சொல்ல வேண்டும். எட்டு வருஷமாக அவள் கேட்ட வரம் அது ஒன்றுதான்.

நடந்தது இதுதான். எட்டு வருஷத்துக்கு முன்னால் சௌந்தரத்தின் மகள் எழிலரசிக்குப் பண்ருட்டியிலிருந்து ஒரு வரன் வந்தது. முந்திரி வியாபாரக் குடும்பம், பையன் பெயர் இளவரசு. பெண் பிடித்துப்போய்விட்டது. பெண்ணைப் பார்த்தால் போதுமா, அக்கம்பக்கத்தில் விசாரிக்காமல் யார் கை நனைப்பார்கள்? விசாரிக்க வந்தவர்கள் எதிர்வீட்டில் ஏறினார்கள். மாலதி காபி போட்டுக் கொடுத்தாள். பெண்ணைப் பற்றிக் கேட்டதற்கு ஒரு பெருமூச்சு விட்டாள். "தங்கமான பொண்ணுங்க. பாவம், அந்த இழுப்பு மட்டும் வராம இருந்துச்சுன்னா."

இழுப்பும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. கிருத்திகைக்குப் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் விரதம் இருந்த பெண், கோயில் வாசலில் ஒருதரம் தலைசுற்றி விழுந்தாள். அதைப் பார்த்தவள் மாலதி. தண்ணீர் தெளித்து எழுப்பியவளும் அவள்தான். தெளித்த கையாலேயே விஷத்தையும் தெளித்துவிட்டாள். வரன் நின்றது. அந்த வருஷம் முடிவதற்குள் அதே இளவரசு மாலதியின் மகள் கழுத்தில் தாலி கட்டினான். காரணம் தேடி வேறு எங்கும் போக வேண்டியதில்லை.

தரகர் வழியாக விஷயம் தெரிந்து சௌந்தரம் போய்க் கேட்டபோது, "நானா? அப்புடிச் சொல்லியிருந்தா என் நாக்கு அழுவிப் போவட்டும்" என்று மாலதி தெருவில் நின்று சத்தியம் செய்தாள். தெரு மாலதியை நம்பிற்று. அழுகிப் போகாத நாக்கோடு அவள் கல்யாணச் சாப்பாடு பரிமாறினாள். சௌந்தரம் வீட்டைக் காலிசெய்துகொண்டு சிதம்பரம் வந்தாள்.

ஊர் மாறினாலும் பேச்சு மாறவில்லை. அதற்கப்புறம் வந்த ஒவ்வொரு வரனும் பழைய தெருவில் போய் விசாரித்தது, ஒவ்வொன்றும் அங்கேயே நின்றது. எழிலரசி இப்போது ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறாள். கெட்டிக்காரி. ஒருநாள் அம்மாவிடம் சொன்னாள்: "வலிப்பு இருந்தாத்தான் என்னாம்மா? மாத்திர சாப்புட்டுக்கிட்டு எத்தினி பேரு நல்லாத்தான் இருக்காங்க. இல்லாதத இருக்குன்னு சொன்னாங்க பாரு, அதுதான் எனக்கு ஆறல." மகளுக்கும் ஆறவில்லை என்று அன்றைக்குத்தான் சௌந்தரத்துக்குத் தெரிந்தது. கோபம் இரட்டிப்பாயிற்று.

ஐப்பசியில் திட்டக்குடியிலிருந்து புது வரன் வந்தது. பையனுக்கு எழிலரசியை நேரிலேயே தெரியும், அதே லேபுக்கு மருந்து சப்ளை செய்கிறவன். எழிலரசிக்கும் அவன்மேல் மனசு. ஆனால் அவன் வீட்டுப் பெரியவர்கள், "தை பொறக்கட்டும், பழைய தெருவுல ஒரு வார்த்த விசாரிச்சுட்டு முடிச்சுடலாம்" என்றார்கள். பழைய தெருவில் யார் வாய் முந்தும் என்று சௌந்தரத்துக்குத் தெரியும். இந்தத் தடவையும் கை நழுவினால் மகள் முகத்தில் எப்படி விழிப்பது?

மறுநாளே விருத்தாசலம் பஸ் ஏறி மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போனாள். போலீசில் சொல்ல முடியாததை அந்த முருகனிடம் சொல்லலாம். யார் என்ன அநியாயம் செய்தார்கள் என்று எழுதிக் கட்டுவார்கள், அதற்குப் பிராது என்று பெயர். மூன்று மாதத்துக்குள் சாமி விசாரித்துத் தீர்ப்பு சொல்வார். தப்பு செய்தவர் இறங்கி வந்துவிட்டால் பிராதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும், அதற்கு ராஜினாமா என்று பெயர். ஊர் தூரத்துக்குத் தகுந்தபடி சாமி போய்வரப் படிக்காசுகூட உண்டு. சௌந்தரம் மாலதியின் பெயரையும் தெருவையும் கதவு இலக்கத்தையும் சாமிக்கு வழி தவறாதபடி எழுதிக் கட்டினாள். கட்டிய கையோடு, பழைய தெருவில் தையல்மெஷின் போட்டிருக்கும் தமிழ்ச்செல்விக்குப் போன் செய்து சேதியைச் சொன்னாள். தமிழ்ச்செல்விக்குச் சொன்னால் தண்டோரா போட வேண்டியதில்லை.

சேதி கேட்டு மாலதி சிரித்தாளாம். "கட்டட்டும், கட்டட்டும். முருகனுக்கு வேற வேல இல்ல" என்றாளாம்.

கார்த்திகை போயிற்று, மார்கழியும் பாதி போயிற்று. மாலதிக்கு ஒரு தலைவலி, காய்ச்சல் வந்ததாகக்கூடச் சேதி இல்லை. அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். நின்று கொல்கிற வரைக்கும் காத்திருக்கச் சௌந்தரத்துக்கு நேரமில்லை. தை வாசலில் நின்றது.

அப்போதுதான் வினோதினியின் போன் வந்தது. சிதம்பரத்துப் பெண், அவளுடைய அம்மா வீட்டு டிரஸ்ஸிங் டேபிளைச் சௌந்தரம் போன வருஷம் சரிசெய்து கொடுத்திருந்தாள். இப்போது கடலூரில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். "அக்கா, பூஜை அலமாரியத் தொடைக்கும்போது காந்தத்த ஒடச்சிட்டேன். எங்க அத்தை பண்ருட்டிக்கு மவ வூட்டுக்குப் போயிருக்காங்க. வர்றதுக்குள்ள சரி பண்ணலன்னா பேசியே கொன்னுடுவாங்க. ஆம்பள ஆள பூஜை ரூமுக்குள்ள வுட மாட்டாங்க. நீங்கதான் வரணும்." முகவரியைச் சொன்னாள். சௌந்தரம் போனைக் காதிலிருந்து எடுத்து ஒருதரம் பார்த்துவிட்டு மறுபடியும் வைத்தாள். அது தன் கையால் எழுதிக் கட்டிய அதே கதவு இலக்கம்.

"காலையில மொத பஸ்ஸுல வர்றேன்மா" என்றாள்.

பழைய தெருவில் யாரும் அடையாளம் கண்டுகொள்ளாதபடி மார்கழிப் பனிக்கு முக்காடு போட்டுக்கொண்டு போனாள். வீட்டு வாசலில் சௌந்தரத்தின் கால் கொஞ்சம் தயங்கியது உண்மைதான். உள்ளே போனதும் தயக்கம் போய்விட்டது. நடுக்கூடத்தில் மாலதி மகளின் கல்யாணப் படம் பெரிதாகத் தொங்கியது. மாப்பிள்ளைக் கோலத்தில் இளவரசு சிரித்துக்கொண்டிருந்தான். அந்தச் சிரிப்புக்குப் பக்கத்தில் நிற்க வேண்டியவள் எழிலரசி. படத்தை நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் பையைத் திறந்தாள்.

பூஜை அலமாரி சுவரில் மாட்டிய தேக்கு அலமாரி. கதவைத் திறந்தால் நடுவில் முருகன் படம். மாலதி தினமும் சாயந்திரம் விளக்கேற்றிக் கும்பிட்டுக் கதவைச் சாத்துவாள் என்று வினோதினி சொன்னாள். உடைந்த காந்தத்தைக் கழற்றிவிட்டுப் புதுக் காந்தத்தை முடுக்கினாள் சௌந்தரம். குங்குமம் தொட்டுக் கதவை அழுத்தினாள், பொட்டு விழுந்தது. வினோதினி காபி போட அடுப்படிக்குப் போனாள். பொட்டு விழுந்த இடத்தில் தகட்டை வைக்க எடுத்த கை அப்படியே நின்றது.

காந்தத்தோடு காந்தத்தை ஒருவிதமாகக் காட்டினால் ஒட்டும், திருப்பிக் காட்டினால் தள்ளும். டப்பாவில் காந்தத்துக்குப் பஞ்சமில்லை. தகடு இருக்க வேண்டிய இடத்தில் இன்னொரு காந்தத்தைத் தள்ளுகிற முகமாக வைத்து முடுக்கினாள். கதவைச் சாத்திப் பார்த்தாள். கதவு அரை நொடி யோசித்துவிட்டு, யாரோ உள்ளேயிருந்து விரலால் தள்ளியதுபோல மெல்லத் திறந்து நின்றது. உள்ளே முருகன் சிரித்தான். "நீ வர்றதுக்கு நேரமாவுது, அதான் நான் வந்தேன்" என்று அவனிடம் மனசுக்குள் சொன்னாள். குங்குமத்தைத் துடைத்தாள். ஒரு காகிதத்தை மடித்து இடுக்கில் வைத்துக் கதவை இறுக்கிச் சாத்தினாள்.

காபி குடித்துவிட்டு, "பசை காயணும்மா. அத்தை வர்ற வரைக்கும் தொறக்காத" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். பஸ்ஸில் ஆலப்பாக்கம் தாண்டுகிற வரைக்கும் பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். அதற்கப்புறம் சந்தோஷம்தான். இப்படி ஒரு சந்தோஷத்தை அவள் எட்டு வருஷமாக அனுபவித்ததில்லை, மறைப்பானேன்.

பொங்கலுக்குக் கொஞ்சம் முன்னால் மாலதியே சிதம்பரத்துக்கு வந்தாள். கண்ணெல்லாம் உள்ளே போயிருந்தது. வாசலில் நின்றவளைச் சௌந்தரம் உள்ளே கூப்பிடவும் இல்லை, உட்காரச் சொல்லவும் இல்லை. முன்பெல்லாம் வாய் நிறைய மாலதி அக்கா என்பாள். இப்போது அக்காவைக் கழற்றி வைத்துவிட்டாள்.

"என்னா மாலதி, இவ்ளோ தூரம்?"

"சௌந்தரம், பிராத எடுத்துடு. ஒன் கால்ல வேணாலும் வுழறேன்."

"நீதான் ஒண்ணுஞ் சொல்லலியே. நீ எதுக்குப் பயப்படற?"

"பூஜை அலமாரி கதவு சாத்த மாட்டேங்குது. சாத்தச் சாத்தத் தொறந்துகிட்டு முருகன் என்னியே பாக்குறான். வெளக்கேத்த முடியல, அந்த ரூமுக்குள்ள போவ முடியல."

"கடல்காத்துக்குக் கதவு உப்பியிருக்கும். ஆள வுட்டுப் பாக்கறது."

"பாத்தாச்சு. மருமவ ஆள வரவச்சுப் பாத்துட்டா. எல்லாஞ் சரியாத்தான் இருக்குது, ஒரு கொறையுமில்லன்னுட்டாங்களாம்."

சௌந்தரத்துக்கு இது விளங்கவில்லை. கதவைத் திறந்தால் காந்தம் கண்ணுக்கு எதிரேதானே இருக்கிறது, எந்தக் குருட்டு ஆசாரி வந்து பார்த்தான்? அவள் யோசித்து முடிப்பதற்குள் மாலதி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அது மட்டுமில்ல. கதவுக்கு உள்பக்கம் தானா ஒரு குங்குமப் பொட்டு வருது. தொடச்சா மறுநா காலையில மறுபடியும் ஈரமா இருக்குது. சாமி வந்துட்டேன்னு பொட்டு வச்சுட்டுப் போற மாதிரி."

சௌந்தரத்தின் உடம்பு சிலிர்த்தது. அன்றைக்குத் துடைத்தது நன்றாக நினைவிருக்கிறது. துடைக்காமல் விட்டிருந்தாலும், துடைத்தபிறகு தினம் தினம் ஈரமாக எப்படி வரும்? காந்தம் அவள் வைத்தது. பொட்டு யார் வைத்தது? அப்படியானால் சாமி நிஜமாகவே வந்துவிட்டதா? கை கூப்பத் தோன்றியது. மாலதிக்கு எதிரே கூப்பக் கூடாது என்று முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும். மாலதி எல்லாவற்றையும் கொட்டினாள். பண்ருட்டிச் சம்பந்தத்தின் மேல் கண் விழுந்தது, பெருமூச்சு விட்டது, சொன்னது, அதற்கப்புறம் வந்த வரன்களிடமும் சொன்னதையே சொல்ல வேண்டியதாகிவிட்டது, எல்லாம். "மொத தடவ சொன்னத மறுபடி இல்லன்னு சொன்னா நான்தானே பொய்க்காரி ஆவேன்" என்றாள். சௌந்தரத்துக்கு அந்த இடத்தில்தான் ரத்தம் கொதித்தது. தான் பொய்க்காரி ஆகக் கூடாதென்று இன்னொருத்தி பெண்ணை எட்டு வருஷம் வீட்டில் உட்காரவைத்திருக்கிறாள்.

"எங்கிட்ட சொல்லி என்னா புண்ணியம்? எனக்குத்தான் ஏற்கெனவே தெரியுமே" என்றாள் சௌந்தரம். "அந்தத் தெருவுல ஒரு வூடு வுடாம படியேறி நான் சொன்னது பொய்யின்னு சொல்லணும். நான் கூட வருவேன்."

"வூட்டுக்கு வூடா? நான் எப்புடி அந்தத் தெருவுல இருப்பேன்?"

"நாங்க அந்தத் தெரு இல்லாம இருக்கலியா?"

உத்திராபதி உள்ளேயிருந்து, "போதும், வுட்டுத் தள்ளு" என்றார். சௌந்தரம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை புதுப்பாளையத்துத் தெரு ஒரு காட்சி கண்டது. மாலதி முன்னால் போய் ஒவ்வொரு படியாக ஏறினாள். சௌந்தரம் பின்னால் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனாள். முதல் வீட்டில் மாலதி முனகியது யாருக்கும் கேட்கவில்லை. சௌந்தரம் படியை விட்டு இறங்காமல் நின்றாள். மாலதி மறுபடியும் உரக்கச் சொன்னாள். "எழிலரசிக்கு ஒரு நோயும் கெடையாது. நான் வயித்தெரிச்சல்ல பொய் சொன்னேன்." நாலைந்து வீடு போனதும் சொல்லிப் பழகிவிட்டது. தமிழ்ச்செல்வி தையல்மெஷினை நிறுத்திவிட்டு, "சரியாக் காதுல வுழல, இன்னொரு தரம் சொல்லுங்க" என்றாள். காதில் நன்றாகத்தான் விழுந்திருந்தது.

அப்போதும் சௌந்தரம் பிராதை எடுக்கவில்லை. "திட்டக்குடிக்காரங்க வந்து விசாரிச்சுட்டுப் போவட்டும். அப்பறம் ராஜினாமா" என்றுவிட்டாள். அதுவரைக்கும் மாலதி அந்தக் கதவோடு கிடந்தாள். தை பிறந்தது, திட்டக்குடிக்காரர்கள் வந்தார்கள், விசாரித்தார்கள். விசாரிக்காத வீட்டுக்காரர்களும் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சொன்னார்கள். எதிர்வீட்டுக்காரி தானாக இறங்கிவந்து எழிலரசி மாதிரி ஒரு பெண் கிடைக்க நீங்கள் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்றாளாம். அன்றைக்கே நிச்சயத்துக்கு நாள் குறித்தார்கள்.

ராஜினாமாவுக்கு இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் மணவாளநல்லூர் போனார்கள், தனித்தனி சீட்டில். சன்னிதியில் சௌந்தரம் ரொம்ப நேரம் நின்றாள். மாலதியை மன்னித்தாளா என்றால் இல்லை. சாமியிடம்தான் மன்னிப்புக் கேட்டாள். "நீ வர மாட்டேன்னு நெனச்சு நான் கைவச்சுட்டேன். நீ பொட்டு வச்சு வந்திருக்கிற. தப்பா எடுத்துக்காத." கண்ணில் தண்ணீர் கூட வந்தது. பிராதைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

வெளியே வந்ததும் மாலதி ஒரு குழந்தையைப் போலக் கேட்டாள்: "இனிமே கதவு சாத்திக்கும்ல சௌந்தரம்?"

சௌந்தரத்துக்கு அப்போதுதான் காந்தம் நினைவுக்கு வந்தது. சாமி பொட்டு வைக்கும், ஸ்க்ரூவைக் கழற்றுமா? இவள் வீட்டுக்குப் போய்ச் சாத்தி, அது மறுபடியும் திறந்தால் பிராதை எடுத்தது வீண் என்று சந்தேகம் வரும், சந்தேகம் வந்தால் கதவைக் கிட்டத்தில் போய்ப் பார்ப்பாள். "சாத்திக்கும், நீ போயி எலுமிச்சம்பழம் வாங்கியா" என்று அவளைப் பழக்கடைப் பக்கம் அனுப்பிவிட்டு, புளியமரத்தடியில் ஒதுங்கி வினோதினிக்குப் போன் செய்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. "அம்மா, அன்னைக்கு மாட்டுனதுல சின்னதா ஒரு வேல பாக்கி" என்று இழுத்தாள்.

"முடிச்சாச்சுக்கா" என்றாள் வினோதினி. "அத்தை பஸ் ஏறுனதுமே காந்தத்தக் கழட்டிட்டு அந்த எடத்துல தகட்ட வச்சுட்டேன். இப்ப நல்லா ஒட்டுது."

சௌந்தரம் போனை இன்னும் அழுத்திக் காதில் வைத்துக்கொண்டாள்.

"நீங்க போனதுமே தொறந்து பாத்துட்டேன். மடிச்சு வச்ச காயிதம் கீழ வுழுந்துச்சு. ஏன் இப்புடிப் பண்ணாங்கன்னு அப்ப புரியல, ஒங்களக் கேக்கலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள அத்தை வந்து கதவப் பாத்து அலறுனாங்க, அந்தப் பயத்துல ஒங்க மவ கதைய அவுங்களே உளறிட்டாங்க. அப்பறம் நான் எதுக்கு ஒங்களக் கேக்கணும்? ஆளு வந்து பாத்துட்டாங்க, ஒரு கொறையுமில்லன்னு நான்தான் சொன்னேன். ஒருத்தரும் வரல."

"அப்ப அந்தக் குங்குமம்?"

"எங்கம்மா வூட்டுல நீங்க பொட்டு வச்சுத் தகடு மாட்டுனதப் பாத்திருக்கேன்ல. காலையில வாசத் தெளிக்க எழுந்திருக்கும்போது தெனமும் ஒண்ணு வைப்பேன்."

சௌந்தரம் சன்னிதிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். இப்போதுதான் அழுது மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்திருக்கிறாள். சாமி கல்லாகத்தான் இருந்தது. "எனக்காவா இவ்ளோ பண்ண?" என்று கேட்டாள்.

"ஒங்களுக்காவும்தான்." வினோதினி குரல் கொஞ்சம் இறங்கியது. "கல்யாணமாயி மூணு வருஷமா எனக்குக் கொழந்த இல்ல. டாக்டரு எங்க ரெண்டு பேருகிட்டயும் ஒரு கொறையுமில்லன்னுதான் சொல்றாரு. இவுங்க என்னியப் பத்தித் தெருவுல என்னென்ன பெருமூச்சு வுட்டுருக்காங்கன்னு ஒங்களுக்குத் தெரியாது. அன்னைக்கு வூடு வூடா ஏறுனாங்களே, ஒங்க பொண்ணப் பத்தி மட்டும்தான் சொன்னாங்க. என்னியப் பத்தி ஒரு வார்த்த சொல்லல. அதனால கழட்டுன காந்தத்த மட்டும் திருப்பிக் கேக்காதீங்கக்கா. எங்கிட்டயே இருக்கட்டும்."

பழக்கடையில் மாலதி எலுமிச்சம்பழத்தை முகர்ந்து பார்த்துப் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். முகத்தில் நிம்மதி வந்திருந்தது. பக்கத்தில் நின்ற யாரோ ஒரு பெண்ணிடம் அதற்குள் ஏதோ கதை சொல்ல ஆரம்பித்துவிட்டாள், கையை ஆட்டி ஆட்டி. நடுநடுவே ஒரு பெருமூச்சு.

சௌந்தரம் அதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "வச்சுக்கம்மா. அவுங்க துணி அலமாரிக்கு அது பத்தாது. பெருசா ஒண்ணு நான் கொண்டாறேன்."